அரசர்களுக்கு முகம் தந்தவர் யார்?



ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "மாமன்னன் இராசராசனின் படத்தை வரையுங்கள்" என்று சொன்னேன். வகுப்பில் பதினேழு பிள்ளைகள். பதினேழு தாள்களும் என் மேசைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை திருந்தியவர், திருந்தாதவர் என்ற வேறுபாடு ஒன்றைத் தவிர, எல்லாத் தாள்களிலும் ஒரே முகம். 2022ஆம் ஆண்டில் வந்த 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தில் அருள்மொழிவர்மனாக நடித்தவரின் முகம்.

"தம்பி, இது நடிகரின் முகம் அல்லவா?" என்று கேட்டேன். அந்தப் பையன் தயங்கவே இல்லை. "அப்படின்னா உண்மையான ராஜராஜன் எப்படி இருந்தாரு டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால், அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில் என் மனத்திலும் ஒரு முகம் வந்து நின்றது. அது என் பிள்ளைப் பருவத்தில் நான் பார்த்த ஒரு பத்திரிகைச் சித்திரத்தின் முகம். மாணவனுக்கு ஒரு முகம், ஆசிரியைக்கு ஒரு முகம். இரண்டுமே இராசராசனுடையவை அல்ல. அப்படியானால் நம் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் முகம் தந்தவர் யார்? அந்த முகங்கள் நமக்குக் கற்றுக்கொடுப்பது என்ன? இன்றைய உரையில் இதைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

முதலில் வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இராசராசன் கி.பி. 985இல் அரியணை ஏறினான். 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை நிறைவு செய்தான். அந்தக் கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைபாதையில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931இல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே தாடியுடன் நிற்கும் முதியவர் ஒருவரையும், அவர் அருகே நிற்கும் மற்றொருவரையும் கருவூர்த் தேவர் என்றும் இராசராசன் என்றும் பலர் சொல்லி வந்திருக்கின்றனர். அதை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. அரசனுக்கும் அரசிக்கும் செப்புத் திருமேனிகள் எடுக்கப்பட்ட செய்தியைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. அவையே என்று கருதப்படும் இரு சிலைகள் 2018இல் அகமதாபாத்திலிருந்து மீட்கப்பட்டுத் தஞ்சைக்குத் திரும்பின. ஆயினும் அக்காலச் சிற்பி இலக்கண அளவுப்படி உருவம் வார்த்தான். நம் காலத்து நிழற்படம்போல் மூக்கையும் கண்ணையும் உள்ளது உள்ளபடி பதித்தான் என்று கொள்வதற்கில்லை.

ஆக, கல் நமக்குப் பெயர் தருகிறது, ஆண்டு தருகிறது, கொடையின் கணக்குத் தருகிறது. முகம் தருவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கதை சொல்பவன் வந்து அமர்கிறான். அவனுக்குப் பின்னால் ஓவியன் வருகிறான். ஓவியனுக்குப் பின்னால் திரைப்படக்காரன் வருகிறான்.

வாள் வீச்சும் மாய மந்திரமும் கலந்த கதைகளை நம் பெற்றோர் 'ராஜா ராணிக் கதை' என்று சொல்வார்கள். இவற்றைத் திரையில் காட்டும் கலை அமெரிக்காவில் பேசாப்படக் காலத்திலேயே வளர்ந்துவிட்டது. டக்ளஸ் பேர்பாங்க்ஸ் என்ற நடிகர் 1922இல் ராபின் ஹூட்டாகவும், 1924இல் பாக்தாத் திருடனாகவும் வந்து மதில் தாண்டினார். அவருக்குப் பின் 1938இல் ராபின் ஹூட் வேடம் எரால் பிளின் என்பவரைச் சேர்ந்தது. அந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் ஜேம்ஸ் காக்னி. படக்கம்பெனியோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கால் வாய்ப்பு மாறியது. 1935இல் 'கேப்டன் பிளட்' படத்திலும் இதுவே நடந்தது. முதலில் அமர்த்தப்பட்ட ராபர்ட் டோனட் விலகிக்கொள்ள, அதிகம் அறியப்படாத பிளின் உள்ளே வந்தார். இன்று ராபின் ஹூட் என்றால் பழைய ரசிகர் பலருக்குப் பிளினின் முகமே நினைவுக்கு வரும். ஒரு பிணக்கு, ஒரு விலகல், இவற்றால் அமைந்த முகம் அது!

அதே பாக்தாத் திருடன் கதை 1940இல் வண்ணத்தில் மீண்டும் வந்தது. சூழ்ச்சிக்கார மந்திரவாதியாக ஜெர்மானிய நடிகர் கான்ராட் வைட் நடித்தார். திருடனாக நடித்தவர் சாபு. இவர் மைசூர்ப் பகுதியில் யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பாகன் மகனுக்கு உலகத்திரையில் இடம் கிடைத்ததை எண்ணி மகிழலாம். ஆனால் தவறிய தேர்வுகளும் உண்டு. 1956இல் மங்கோலியப் பேரரசன் செங்கிஸ்கானாக, குதிரைக்காரப் படங்களின் நாயகர் ஜான் வெய்ன் நடித்தார். மங்கோலியருக்கும் அந்த முகத்துக்கும் என்ன உறவு? பணமும் புகழும் யாரிடம் இருந்தனவோ அவர் முகமே அரசன் முகமாயிற்று.

இனித் தமிழ்த்திரைக்கு வருவோம். 1948இல் ஜெமினி வாசன் அவர்கள் வெளியிட்ட 'சந்திரலேகா'வில், முரசுகளின் மேல் நடனமும் அதன்பின் நெடிய வாட்போரும் இடம்பெற்றன. எம்.கே. ராதா நாயகன், ரஞ்சன் வில்லன். வாள் பிடிப்பதில் தேர்ந்த ரஞ்சனின் வீச்சைக் கண்டவர்கள், கெட்டவனாயினும் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' இன்னும் சுவையானது. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி அவர்கள் வசனம் எழுதினார். இயக்கத் தொடங்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தளபதி வேடத்துக்கு எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்களை எடுத்தபோது, அவருடைய முகவாயின் அமைப்பு டங்கனுக்குப் பிடிக்கவில்லை என்றும், அதை மறைக்கச் சிறு தாடி ஒட்டப்பட்டது என்றும் திரைப்பட வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். பிற்காலத்தில் பல இலட்சம் வீடுகளில் படமாகத் தொங்கிய முகம், ஒரு காலத்தில் தாடி வைத்து மறைக்க வேண்டிய முகமாகத் தோன்றியிருக்கிறது! ஒரு முகத்தில் வீரம் இருக்கிறதா இல்லையா என்பது பார்ப்பவர் பழக்கத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மந்திரவாதிக்கும் ஒரு முகம் கிடைத்தது. 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவ் நேபாள மந்திரவாதியாக நடித்தார். அகன்ற உடல், உருளும் விழி, நிதானமான குரல். அதன் பிறகு நம் மக்கள் மந்திரவாதி என்று யாரைக் கற்பனை செய்தாலும் அவரில் ரங்காராவின் சாயல் இருந்தது. நாயகனுக்கு என்.டி. இராமராவ், சூழ்ச்சிக்கு எம்.என். நம்பியார், இடிச்சிரிப்புக்குப் பி.எஸ். வீரப்பா என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு முகம் நிலைபெற்றுவிட்டது.

கதைமாந்தரோடு இது நின்றுவிடவில்லை. வழிபடும் தெய்வத்துக்கும் இது நேர்ந்தது. 1956இல் 'மதுரை வீரன்' படம் வந்தது. மதுரை வீரன் நம் தோட்டங்களுக்குப் புதியவரா? கப்பலேறி வந்த நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த காவல் தெய்வம் அவர். தோட்டத்து ஓரத்தில், பால்மர நிழலில், ஒரு கல்லாகவோ சூலமாகவோ நின்றவர். திடலில் வெள்ளைத்துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டியபோது, எம்.ஜி.ஆர். திரையில் தோன்றியதும் சில பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லுக்கு இல்லாத கண்ணும் மூக்கும் அன்றிரவு வந்து சேர்ந்தன.

இப்போது நம் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கல்கி அவர்கள் 'பொன்னியின் செல்வன்' தொடரைத் தம் வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார். ஓவியர் மணியம் தீட்டிய சித்திரங்களே வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முதல் முகம். நான் பிள்ளைப் பருவத்தில் பார்த்த முகமும் அதுவே.

எங்கள் தோட்டத்துக் கிராணி ஒருவர் அந்தத் தொடரின் தாள்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பு கைமாறிக் கைமாறி என் பெரிய மாமாவிடம் வந்தது. மாலையில் லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு அவர் உரக்க வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அங்கே அதிகம். என் பாட்டியும் அவர்களில் ஒருவர். அதிகாலை இருட்டில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்து தோள் காய்த்துப் போனவர்கள், அந்தி நேரத்தில் சோழநாட்டுக்குள் போய் வந்தார்கள்.

1958இல் ஒரு செய்தி வந்தது. எம்.ஜி.ஆர். பொன்னியின் செல்வனைத் தாமே தயாரித்து, இயக்கி, நடிக்கப் போகிறார் என்பதே அது. கதையின் உரிமையைப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அவ்வாண்டுதான் 'நாடோடி மன்னன்' வெளிவந்து பெருவெற்றி பெற்றிருந்தது. வைஜெயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, எம்.என். இராஜம், டி.எஸ். பாலையா, நம்பியார், ஓ.ஏ.கே. தேவர், நாகையா என்று நடிகர் பட்டியலும் நீண்டது.

பட்டியல் கிடைத்தால் போதாதா? தோட்டமே இரண்டு பட்டது என்பார் என் தாயார். அப்போது அவருக்கு எட்டு வயது. "நந்தினிக்குப் பத்மினிதான்" என்று ஒரு கட்சி, "நந்தினியின் கண்ணுக்குப் பானுமதியை விட்டால் யார்?" என்று எதிர்க்கட்சி. பெரிய பழுவேட்டரையருக்கு உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள். அதைத் தாங்கும் உடல் ரங்காராவுக்குத்தான் உண்டு என்று மண்டோர் ஒருவர் அடித்துச் சொல்வாராம். பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்றால், "அப்போ படம் ஓடாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவாராம்.

எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு பாட்டியிடம் கேட்டார்கள், "பூங்குழலிக்கு யாரு?" என்று. கோடிக்கரையில் நள்ளிரவில் தனியே படகு செலுத்தும் பெண் அவள். பாட்டி சொன்னாராம்: "சினிமாக்காரிங்க கையெல்லாம் மெத்து மெத்துன்னு இருக்கும். துடுப்புப் போட்ட கை அப்படியா இருக்கும்? காண்டா தூக்கறவ எவளாச்சும் வந்து நடிக்கட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது என்பார் என் தாயார்.

அந்தப் படம் வரவேயில்லை. படப்பிடிப்புத் தொடங்குமுன் எம்.ஜி.ஆர். விபத்தில் காயமுற்றார், ஆற ஆறு மாதம் ஆயிற்று. உரிமையைப் புதுப்பித்தும் காரியம் கைகூடவில்லை. திரைக்கதை எழுதும் பணியைப் பிற்காலத்தில் 'முள்ளும் மலரும்' இயக்கிய மகேந்திரனிடம் ஒப்படைத்திருந்தார். ஆயினும் படம் காகிதத்தோடு நின்றது. 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1987இல் மறைந்தார்.

எடுக்கப்படாத அந்தப் படம் வாசகர் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து நடிகர்களை வைத்து அதை மீண்டும் மீண்டும் எடுத்தது. முடிவில் மணிரத்னம் இயக்கத்தில் முதற்பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. கார்த்தி வந்தியத்தேவன், விக்ரம் ஆதித்த கரிகாலன், அப்போது ஜெயம் ரவி என்று அறியப்பட்டவர் அருள்மொழி, ஐசுவரியா ராய் நந்தினி, திரிஷா குந்தவை, சரத்குமார் பெரிய பழுவேட்டரையர், ஐசுவரியா லட்சுமி பூங்குழலி. இப்படி முகங்கள் முடிவாயின. என் மாணவர்களின் தாள்களில் நான் கண்டது இந்த முடிவைத்தான்.

நேயர்களே, இதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். படம் பார்த்த பிள்ளை சோழர் பெயரையாவது அறிந்துகொள்கிறதே! உண்மைதான். ஆனால் முகம் பதிந்த பிறகு குணமும் தானாகப் பதிந்துவிடுகிறது. அழகிய முகம் நீதியின் பக்கம், உருளும் விழி சூழ்ச்சியின் பக்கம் என்று மனம் பழகிவிடுகிறது. வரலாற்றில் அப்படி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது வரலாற்று உண்மை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று குறித்து, அவர்களுடைய உறவினரின் சொத்து பறிமுதல் ஆனதை அது தெரிவிக்கிறது. அந்த ரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் 'பிரமாதிராசன்' என்னும் பட்டம் இருக்கிறது. அஃது அரசாங்க உயர் அலுவலர் பெற்ற பட்டம். கதையிலோ ரவிதாசன் நள்ளிரவில் ஆந்தைபோல் கத்தும் மந்திரவாதி! மந்திரம் கல்லில் இல்லை. கல்கியின் கற்பனையில் இருக்கிறது. வந்தியத்தேவனோ, தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் மட்டும் காட்டிச் செல்கிறார். அவருடைய குறும்பும் துணிவும் நகைச்சுவையும் கல்கி தந்தவை. நந்தினியும் பூங்குழலியும் முழுவதும் கற்பனை.

இதைச் சொல்வதால் கல்கியின் பெருமை குறையாது. ஒரு கல்வெட்டு வரியிலிருந்து ஓர் உயிருள்ள மனிதனை எழுப்பியவர் அவர். எது கல், எது கதை என்று நாம் பிரித்தறிந்தால், இரண்டின் சுவையும் கூடும்.

இந்த வேலையைத் தமிழ்நாடு மட்டும் செய்யவில்லை. நாம் வாழும் இந்தப் பேராக் மண்ணும் செய்திருக்கிறது. இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025இல் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றான். நம் அண்டை மாநிலமான கெடாவே அந்தக் கடாரம். பல நூற்றாண்டுகளுக்குப் பின் மலாய் மொழியில் எழுந்த 'செஜாரா மெலாயு' என்னும் நூலில் ராஜா சூரான் என்னும் மாமன்னன் வருகிறான். இந்திய நாட்டிலிருந்து பெரும்படையுடன் வந்து, பேராக்கின் டிண்டிங் பகுதியில் இருந்ததாகச் சொல்லப்படும் கங்கா நகரத்தைத் தாக்குகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான்! சோழர் படையெடுப்பின் நினைவு இக்கதையில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். புருவாஸ் வட்டாரத்தில் இன்றும் கங்கா நகரக் கதை பேசப்படுகிறது.

எண்ணிப் பாருங்கள். தஞ்சையில் கொடைக்கணக்கும் போர்வெற்றியுமாக நின்ற சோழன், இங்கே கண்ணாடிப் பெட்டியில் கடலடி செல்லும் மாய அரசனாகிவிட்டான். நடிகர் இல்லை, திரை இல்லை. கதை சொன்ன வாய்களே அவனுக்கு வேடம் கட்டின.

மலாய் வீரன் ஹங் துவாவுக்கும் இதுவே நேர்ந்தது. காப்பியத்தில் பல மொழி அறிந்து, கலிங்க நாட்டுக்குத் தூது சென்ற வீரன் அவன். 1956இல் சிங்கப்பூரில் அந்தக் கதை படமானது. இயக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த பணி மஜும்தார்; நடித்தவர் பினாங்கில் பிறந்த பி. ரம்லி. மெல்லிய உடலும் இனிய குரலும் கொண்ட பாடகர் ரம்லி. 1950இல் அவருக்கு முதன்முதலில் நாயகன் வேடம் தந்தவர் எல். கிருஷ்ணன் என்ற நம்மவர். அன்று முதல் நம் நாட்டில் பலருக்கு ஹங் துவா என்றால் ரம்லியின் முகந்தான்.

நம் ஈப்போவின் கதையும் ஒன்று உண்டு. 1962இல் ஈப்போவில் பிறந்து, பாலே நடனம் பயின்ற ஒரு பெண், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'குரௌச்சிங் டைகர் ஹிட்டன் டிராகன்' என்ற சீனப் படத்தில் வாள் வீராங்கனையாக நின்றார். அவரே மிஷல் இயோ. 2023இல் வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதும் பெற்றார். வாள் பிடிக்கும் முகம் எங்கோ தொலைவில்தான் பிறக்க வேண்டும் என்ற எண்ணத்தை, நாம் சந்தைக்குப் போகும் ஊரில் பிறந்த ஒருவர் மாற்றிவிட்டார்.

சரி, அந்த மாணவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? மறுநாள் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன். முதற்கட்டத்துக்குக் 'கல்', இரண்டாவதற்குக் 'கதை', மூன்றாவதற்கு 'முகம்' என்று பெயரிட்டேன். குந்தவை என்று சொன்னதும், கல்வெட்டு கூறுவதை முதற்கட்டத்தில் எழுதினோம். கல்கி கூறுவதை இரண்டாவதில் எழுதினோம். மணியம் வரைந்ததையும் திரிஷா நடித்ததையும் மூன்றாவதில் எழுதினோம். நந்தினி என்று சொன்னதும் முதற்கட்டம் வெறுமையாக நின்றது. பிள்ளைகள் வியந்து போனார்கள். "டீச்சர், அவங்க இருந்ததே இல்லையா?" என்று ஒரு சிறுமி வருத்தத்தோடு கேட்டாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற பாட உத்திகள் பல. அன்று அந்த வெறும் கட்டம் கற்பித்த அளவுக்கு வேறெதுவும் கற்பித்ததில்லை. பெற்றோர்களே, ஆசிரியர்களே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். படம் பார்த்து வந்த இரவே ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டால் போதும்.

பிறகு பிள்ளைகளிடம், "உங்கள் பாட்டன் பூட்டனுக்கு இதே மூன்று கட்டத்தை நிரப்பி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பயிற்சியை நானும் செய்தேன்.

என் பாட்டிக்கு முதற்கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது? கோயில் இல்லை, கல்வெட்டு இல்லை. தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளில் பெயர் இருந்திருக்கும். அந்த ஏடுகளும் எங்கள் கைக்கு வந்ததில்லை. இருப்பது ஒரு சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்க்கு வழங்கப்பட்ட அட்டை அது. அதில் கட்டை விரலளவுக்கு ஒரு நிழற்படம். நாற்பது ஆண்டு மரம் சீவிய ஒரு பெண்ணின் முகத்துக்கு எங்களிடம் உள்ள ஒரே சான்று அது.

2022இல் என் தாயாரை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று படத்தைக் காட்டினேன். அறுபத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு அல்லவா? வந்தியத்தேவன் குதிரையில் வந்தபோது சிரித்தார். பெரிய பழுவேட்டரையர் வந்தபோது, "மண்டோரு இருந்தா ஒத்துக்கமாட்டாரு" என்று என் காதில் சொன்னார். வெளியே வந்து படியிறங்கும்போது, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா சொன்ன பூங்குழலி வரல" என்றார்.

அந்த வாரம் பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களோடு என் தாளையும் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். முதற்கட்டத்தில் சிவப்பு அட்டையின் நகல். இரண்டாவதில், லயத்து வாசலில் பாட்டி சொன்ன அந்த ஒரு சொல். மூன்றாவது கட்டத்தில், இராசராசனைப் பற்றிக் கேட்ட அதே பையன் எனக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தான். படகு ஒன்று, துடுப்பு ஒன்று, தோள் காய்த்த ஒரு பெண். முகத்தை மட்டும் அவன் வரையவில்லை. "நீங்களே சொல்லுங்க டீச்சர், அப்புறம் வரையறேன்" என்றான். அட்டையை மீண்டும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை, ஒரு பழைய நிழற்படம், ஒரு மூத்தவரின் சொல் இருக்கும். அரசர்களுக்கு முகம் தர ஆயிரம் பேர் வருவார்கள். நம்மவர்களுக்கு நாம்தான் தர வேண்டும்.